ஓரடியில் தொடங்கும் ஜன்னல்

காலையில் எழுந்ததும் வராண்டாவைத் துடைக்கிறேன். இரவில் படிந்த கரித்தூள் துணியில் கறுப்பாக வரும். துணியை அலசிக் கொடியில் போடுகிறேன். பால் பூத்துக்குப் போகிறேன். பூத்காரர் முதல் சில வாரங்கள் வழக்கம்போல் இரண்டு பாக்கெட் எடுத்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்வார். இப்போது ஒன்றுதான் வைக்கிறார்.

பால் காய்ச்சுகிறேன். டீ போடுகிறேன். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே குடிக்கிறேன். பிரெட்டையும் அங்கேயே தின்கிறேன். தட்டு தேவைப்படுவதில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். ஹாலில் சாப்பாட்டு மேசை இருக்கிறது. அதன்மேல் மதி அட்டையில் செய்த மாதிரி வீடு இருக்கிறது. அதை நகர்த்தவில்லை.

ஷூ போடும் நேரத்தில் அத்தையின் போன் வரும். மதியின் அம்மா.

"மாப்ள, சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன் அத்தை."

"என்ன சாப்ட்டீங்க?"

"பிரெட்."

"அது ஒரு சாப்பாடா? காய்ச்சக்காரன் திங்கறது."

 போனில் அவர் வீட்டு டிவி கேட்கும். "வெச்சிடட்டுமா?" என்பார். வைத்துவிடுவார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஷூ போட்டது வேலைக்கு இல்லை. பண்ருட்டியிலிருந்து ஜமால் முகமது குடும்பத்தோடு வருவதாக இருந்தார். மதி கடைசியாக வரைந்த வீடு அவருடையது. அதை அவள் வரைந்தபடி கட்டுவதா, வேறு மாதிரி கட்டுவதா என்று அன்றைக்கு முடிவு செய்யப் போகிறார்கள்.

*

என் மனைவி வளர்மதி ஆர்க்கிடெக்ட். எனக்கு மதி. நவம்பர் மழையில் டெங்கு காய்ச்சல் வந்து இறந்தாள்.

இரண்டு பேரும் நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்தவர்கள். அவள் அப்பாவும் என் அப்பாவும் நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட். குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். அப்பா ரிட்டயர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இரண்டு வீட்டிலும் அப்படிக் கொடுத்தார்கள். எனக்கு மைன்ஸில் வேலை கிடைத்ததும் மறுபடி ஒரு குவார்ட்டர்ஸ். அதே தரை, அதே கதவு. மதி ஹாலின் ஓரத்தில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அடுத்தவர்களுக்கு வீடு வரைந்தாள்.

"நமக்குன்னு ஒண்ணு வரையேன்" என்று ஒரு முறை கேட்டேன்.

"நீ ரிட்டயர் ஆகறப்போ வரைஞ்சு தரேன். அதுவரைக்கும் கம்பெனி வீடு, கம்பெனி தண்ணி, கம்பெனி ஜன்னல். கம்முனு இரு."

ஜமால் முகமது முந்திரி வியாபாரி. ஏற்காட்டில் பழைய காப்பித் தோட்டம் ஒன்றில் சரிவான நிலம் வாங்கியிருந்தார். அதில் பெரிய வீடு. பணத்துக்கு யோசிக்க வேண்டாம் என்றார். அவர் மகன் ரியாசுதீன் துபாயில் சில வருஷம் இருந்தவன். கண்ணாடிச் சுவர், நீச்சல் குளம், வெளிநாட்டுப் புத்தகத்தில் வருவது போல ஒரு வில்லா. அதுதான் அவனுக்கு வேண்டும்.

மதி கண்ணாடியும் கொடுத்தாள், குளமும் கொடுத்தாள். மலையை மட்டும் வெட்டவில்லை. மூன்று தட்டாக வீடு சரிவில் இறங்கும். தூண்கள்மேல் நிற்கும். நிலத்தின் நடுவே யானை படுத்தது போல ஒரு பாறை. அதைச் சுற்றித்தான் ஹால். பாறையின் ஒரு பக்கம் வீட்டுக்குள், மறு பக்கம் வெளியே. இரண்டு சில்வர் ஓக் மரங்கள் மரத்தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போகும். மொட்டை மாடியில் புல். மேலிருந்து வரும் மழைத்தண்ணீர் வீட்டுக்கு அடியில் புகுந்து தன் வழியில் கீழே போகும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. என் வேலை சரிவுகளைப் பார்ப்பது. மைன்ஸில் தோண்டி எடுத்துக் கொட்டும் மண் மேடு மேடாக நிற்கிறது. மழையில் எங்கே விரிசல் விடுகிறது, எங்கே நகர்கிறது என்று அளந்துகொண்டே இருக்க வேண்டும். சரிவைப் பார்த்தால் எனக்கு ஒரே யோசனைதான். படிபடியாக வெட்டு. தண்ணீரை வெளியே தள்ளு.

"தண்ணி வர்ற வழியிலேயே வீடு வெக்கிற. அதைத் திருப்பி விடு" என்றேன்.

"ஏன் திருப்பணும்? அது அங்க எத்தனை வருஷமா போயிகினு இருக்கு தெரியுமா?"

"அதுக்கு?"

"தண்ணி பெர்மனென்ட் குமாரு. வீடு கான்ட்ராக்ட். யாரு ஒதுங்கணும் சொல்லு."

அன்றைக்கு முழுக்க இதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தன் அம்மாவுக்குப் போன் போட்டும் சொன்னாள்.

ஏற்காட்டுக்கு வாரா வாரம் போக முடியாது. நெய்வேலியில் மலையும் கிடையாது. இருப்பது நாங்கள் கொட்டிய மண்தான். பழைய மேடுகளில் மரம் வைத்து வருஷங்கள் ஆகின்றன. வேம்பு, முந்திரி, தேக்கு என்று காடு மாதிரி ஆகிவிட்டது. அப்படி ஒரு மேட்டுக்கு அவளைக் கூட்டிப்போனேன். பாதி ஏறியதும் நின்றாள். போனைத் தரையில் வைத்துச் சரிவை அளந்தாள்.

"இது ஏற்காடுதான்" என்றாள். "அதே சரிவு. இங்கேயே கட்டிப் பாத்துடலாம்."

கட்டினோம். நூலில். துறையில் அனுமதி வாங்கினேன். சவுக்குக் குச்சிகளும் நீல நைலான் நூலும் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அந்த வீட்டை அதன் முழு அளவில் சரிவில் கட்டினோம். நான் டேப்பைப் பிடிப்பேன். அவள் குச்சி அடித்து நூல் இழுப்பாள். எந்த வீட்டையும் கடைசிப் படம் போடுவதற்கு முன் இப்படி ஒரு தடவை நடந்து பார்த்துவிடுவாள். மற்ற வீடுகளுக்கெல்லாம் காலி மனையில் சுண்ணாம்புக் கோடு போதுமானதாக இருந்தது. இதற்குத்தான் உயரமும் வேண்டியிருந்தது. ஜன்னல் வரும் இடத்தில் குச்சிகளில் சிவப்புத் துணி கட்டினாள். கீழே ஒன்று, மேலே ஒன்று. அந்த இரண்டுக்கும் இடையில் ஜன்னல்.

ஒரு முறை நூலைத் தாண்டி உள்ளே போனேன்.

"ஏய், சுவத்துல நடக்கிற. வாசல் அங்க இருக்கு. தட்டிட்டு வா."

"எதைத் தட்டறது?"

"வாயால தட்டு."

டொக் டொக் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். "யாரு?" என்றாள். "குமாரு" என்றேன். "வீட்ல யாரும் இல்ல, அப்புறம் வாங்க" என்றாள்.

எனக்கு ஞாயிறு ஷிஃப்ட் விழுந்தால் அவள் மட்டும் ஸ்கூட்டரில் போய்விடுவாள். கீழ்த்தட்டு அறைகளைப் பெரும்பாலும் தனியாகத்தான் கட்டினாள்.

*

டிசம்பரில் ரியாசுதீனின் இன்ஜினியர் சேலத்திலிருந்து போன் செய்தார். கடைசிப் படங்கள் வேண்டும் என்றார். மதியின் கம்ப்யூட்டரைத் திறந்து அனுப்பினேன். மறுநாள் மறுபடி கூப்பிட்டார்.

"ஸார், கீழ்த்தட்டுல தெக்குப் பக்க ரூம். ஜன்னல் தரையிலேர்ந்து ஒரு அடியில ஆரம்பிச்சு நாலு அடியில முடியுது. நின்னா செவுருதான் தெரியும். டைப்பிங் மிஸ்டேக்குங்களா?"

படத்தைப் பார்த்தேன். மற்ற அறைகளில் முழுக் கண்ணாடி, அல்லது மூன்றடியில் தொடங்கும் ஜன்னல். இது ஒன்றுதான் அப்படி. மிஸ்டேக்தான் என்றேன். மூன்று என்று மாற்றினேன். மேலே ஏழு. அனுப்பிவிட்டேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஜனவரியில் ரியாசுதீனே வந்தான். ஹாலில் உட்காரச் சொன்னேன். மேசைமேல் இருந்த அட்டை வீட்டைப் பார்த்தான். அதைப் பார்க்காத மாதிரி போனில் வேறு படம் காட்டினான். சரிவை வெட்டி மட்டமாக்கிய நிலம். புல்தரை. வாசல் வரைக்கும் கார். குளம் மூன்று மடங்கு. பாறை இல்லை.

"ஹாலுக்குள்ள பாறை எதுக்குங்க? வெடி வெச்சா ஒரு நாள் வேலை" என்றான். "அத்தா ஒத்துக்க மாட்டேங்கறாரு. வளர்மதி பாப்பா போட்டது, பாப்பா போட்டதுங்கறாரு. தப்பா நெனைக்காதீங்க, எனக்கும் வருத்தம்தான். ஆனா நாளைக்கு அங்க இருக்கப்போறது நாங்க இல்லீங்களா? நீங்க மைன்ஸ்ல சரிவு பாக்கறவரு. வெட்டலாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா அத்தா கேட்டுக்குவாரு."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நானே மதியிடம் சொன்னதுதான்.

"ஒரு தடவ வந்து நடந்து பாருங்க. அப்புறம் சொல்றேன்" என்றேன்.

"எங்க நடக்கறது?"

"வீட்ல."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். தலை சரியில்லை என்று நினைத்திருக்கலாம்.

*

கார் மேட்டின் பாதிவரைதான் போகும். இறங்கி நடந்தோம். ஜமால் முகமது வெள்ளைக் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் மனைவி தாஜுன்னிசா மூட்டு வலிக்காரர். ரியாசுதீனின் தோளைப் பிடித்தபடி வந்தார். வந்தவுடனே என் கையில் ஒரு டிபன் கேரியரைக் கொடுத்திருந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கிக்கொண்டே நடந்தேன்.

"எல்லாம் கொட்டுன மண்ணா தம்பி?" ஜமால் முகமது கேட்டார்.

"ஆமாங்க."

"மலையாவே ஆக்கிட்டீங்களே. அதோ முந்திரி நிக்குது. காய்ப்பு எப்டி?"

"தெரியலைங்க."

"கொட்டை சிறுத்துப் போவும். பாத்தாவே தெரியுது."

"அத்தா, வெல பேசாதீங்க. மேட்டையே வாங்கிடுவீங்க" என்றான் ரியாசுதீன்.

நவம்பருக்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. மாடு நடந்து சில குச்சிகள் சாய்ந்திருந்தன. நூல் வெளுத்துத் தொங்கியது. ஆனால் வீடு இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் போனால்தான் சுவர் எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடும்.

"இதுதான் வாசல்" என்றேன்.

ரியாசுதீன் பக்கத்தில் இருந்த நூலைத் தாண்டி உள்ளே போனான்.

"வாசல் வழியா வாடா" என்றார் தாஜுன்னிசா. "சுவத்தத் தாண்டறான் பாரு, திருடன் மாரி."

அவன் சிரித்துவிட்டுத் திரும்பி வந்து வாசல் வழியாக நுழைந்தான். நான் டிபன் கேரியரைக் கை மாற்றிக்கொண்டேன்.

ஹாலைக் காட்டினேன். நடுவில் ஒரு கருவேலம் புதர். அதுதான் பாறை என்றேன். ஜமால் முகமது புதரைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். "இவ்ளோ பெருசா?" என்றார். அப்புறம், "ஆமா, அது இவ்ளோ பெருசுதான்" என்று அவரே சொல்லிக்கொண்டார். சமையலறையைக் காட்டினேன். மரத்தளம், குளம். ரியாசுதீன் குளத்துக்குள் இறங்கி நின்று கையை விரித்துப் பார்த்தான். "நாலு பேரு குளிக்கலாம்" என்றான். அவன் குரலில் சந்தோஷம் இல்லை.

கீழ்த்தட்டுக்கு இறங்க மதி மண்ணில் சின்னச் சின்னப் படிகள் செதுக்கியிருந்தாள். மழையில் பாதி கரைந்திருந்தன. தாஜுன்னிசா ஒவ்வொன்றாக இறங்கினார். கடைசி அறைக்குள் வந்ததும், "அல்லா, என்னால முடியாதுடா" என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து காலை நீட்டினார்.

"அம்மா, மண்ணு. எறும்பு கடிக்கும்" என்றான் ரியாசுதீன்.

"நம்ம வூடுதானடா. உக்காந்தா என்ன?"

மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அப்புறம் முன்னால் பார்த்தபடி இருந்தார். நாங்கள் நின்றோம். கீழே சாலையில் ஒரு லாரி போகும் சத்தம் கேட்டது.

"தம்பி, இது எந்த ரூம்?"

"கெஸ்ட் ரூம்னு போட்டிருக்குங்க."

"ஜன்னல் இதானா?"

தெற்குப் பக்கத்துக் குச்சிகளில் மூன்றடி உயரத்தில் சிவப்புத் துணியைத் தேடினேன். அங்கே இல்லை. முழங்காலுக்குக் கீழே இருந்தது. இரண்டு குச்சியிலும். மேல் துணி என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. டபுள் முடிச்சு. அவள் எப்போதும் அப்படித்தான் போடுவாள்.

படத்தில் ஒரு எண் மாறிப்போகலாம். இதற்கு அவள் மண்ணில் குனிந்து, இரண்டு இடத்தில், அளந்து கட்டியிருக்க வேண்டும்.

"நல்லாத் தெரியுது" என்றார் தாஜுன்னிசா. "மரம் உச்சியெல்லாம் தெரியுது. அடியில ரோடு. லாரி எறும்பு மாரி ஊந்துகினு போவுது. அங்க பாருங்க, பொக போவுது. நீங்களும் பாருங்களேன்."

ஜமால் முகமது பார்த்தார். "வானந்தான் தெரியுது" என்றார்.

"நின்னுகினு பாத்தா? உக்காருங்க."

அவர் கைலியைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். குச்சிகளுக்கு நடுவே பார்த்தார்.

"அந்தப் பொண்ணு நம்ம வூட்டுக்கு வர்றப்பல்லாம் எங்கூடத் தரையிலதான் உக்காரும்" என்றார் தாஜுன்னிசா. என்னிடம் சொன்னாரா, கணவரிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. "சோபாவுல உக்காரும்மான்னா கேக்காது. நாந்தான் கால நீட்டி ஜன்னலாண்ட உக்காந்து கெடக்கறவ. ஒரு நாளு, இங்கேருந்து உங்களுக்கு என்னம்மா தெரியுதுன்னு கேட்டுச்சு. என்னா தெரியும், செவுரு தெரியுது, மேல கொஞ்சம் வானம் தெரியுது, காக்கா போனா காக்கா தெரியும்னேன். சிரிச்சிச்சு. நானும் சிரிச்சேன். அதோட வுட்டுட்டேன்."

"அம்மா, அந்த ஜன்னல் தப்பா வந்தது" என்றான் ரியாசுதீன். "ஒரு அடியில வெச்சா நிக்கறவன் எப்டிப் பாப்பான்? இப்ப மூணடி ஆக்கிட்டாங்க. ஸாரே திருத்திக் குடுத்துட்டாரு."

தாஜுன்னிசா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களா தம்பி மாத்துனீங்க?"

"ஆமாங்க."

"ஏன்?"

"எல்லா ஜன்னலும் மூணடியிலதாங்க இருக்கும்."

"யாரு வூட்டுல?"

"எங்க குவார்ட்டர்ஸ்ல."

ஜமால் முகமது சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.  எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு அளவுதான். பள்ளிக்கூடம் போகும் வயதிலிருந்து கட்டிலில் படுத்தால், மேசையில் உட்கார்ந்தால், கதவைப் பூட்டினால், எல்லா வீட்டிலும் ஜன்னல் அதே உயரத்தில் இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்தது.

"மறுபடி ஒரு அடியே ஆக்கிடறேங்க" என்றேன்.

"ஆக்குங்க, ஜன்னல் இருக்கட்டும்" என்றான் ரியாசுதீன். "ஆனா வெட்டற விஷயத்துக்கு வருவோம். எடத்த வெட்டி மட்டமாக்கிட்டும் இதே ஜன்னல வெக்கலாம் இல்லீங்களா? ஸார் சொல்லட்டும். வெட்டுனா மலை நிக்குமா, நிக்காதா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நிக்காது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள். மேல்தட்டு நூல்களைப் பார்த்தேன். காற்றில் கொஞ்சம் ஆடின.

"வெட்டலாம்" என்றேன். "தடுப்புச் சுவர் கட்டி, தண்ணிக்கு வழி விட்டா நிக்கும். அங்க இருக்கறது பழைய மலை. இந்த மண்ணு மாதிரி இல்ல."

"பாத்தீங்களா அத்தா?" என்றான்.

"ஆனா மட்டம் பண்ணா இந்த ரூமுக்கு முன்னாடி புல்தரை வரும்" என்றேன். "புல்தரை முடியற எடத்துல பள்ளம். அதனால ஆள் விழாம கைப்பிடிச் சுவர் கட்டணும். மூணடி. உக்காந்து பாத்தா புல்லு தெரியும், அப்புறம் அந்தச் சுவர் தெரியும். அதுக்கு மேல வானம்."

 தாஜுன்னிசா காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"அதான் பண்ருட்டியிலயே இருக்கே" என்றார். "அதுக்கு எதுக்கு ஏற்காடு வரைக்கும் போவணும்?"

ஜமால் முகமது எழுந்து கைலியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "வெட்ட வேணாம். பாப்பா போட்ட மாரியே போடு."

"கார் எங்கத்தா நிக்கும்?"

"மேலயே நிக்கட்டும். நீ எறங்கி நடந்து வா. தொந்தியாச்சும் கொறையும்."

ரியாசுதீன் வாயைத் திறந்தான். அம்மாவைப் பார்த்தான். அவர் இன்னும் அந்த இரண்டு குச்சிக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தார்.  காலடியில் சாய்ந்து கிடந்த ஒரு குச்சியை எடுத்தான். அது இருந்த குழியைத் தேடி, அதில் நட்டு, ஒரு கல்லால் தட்டினான்.

*

காருக்குப் பக்கத்தில் ஜமால் முகமது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கேக்கறேன்னு நெனைக்காதீங்க. கடைசியா வூட்டப் பத்தி பாப்பா எதனா சொல்லுச்சா?"

"வூட்டப் பத்தி எதுக்குச் சொல்லும்?" என்றார் உள்ளேயிருந்து தாஜுன்னிசா. "அவரைப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போச்சாம். துக்கம் கேக்க வந்தப்ப அந்தம்மா சொல்லிச் சொல்லி அழுதாங்க."

அத்தை அப்படித்தான் எல்லோரிடமும் சொல்கிறார். காரியத்தன்று சொன்னார். கோயிலில் பார்த்தவர்களிடம் சொன்னார். அதில் மதி என் பெயரைச் சொல்கிறாள், அம்மாவின் கையைப் பிடிக்கிறாள், கண்ணில் நீர் வருகிறது. அந்த நேரத்தில் அத்தை அறையில் இல்லை. கீழே இளநீர் வாங்கப் போயிருந்தார். நான் திருத்தவில்லை. அவருக்கு அது வேண்டியிருக்கிறது.

"வீட்டைப் பத்தி எதுவும் சொல்லலைங்க" என்றேன்.

ஜமால் முகமது தலையாட்டினார். கையை விட்டார். "கேரியர அப்புறம் வாங்கிக்கறோம். சாப்புடுங்க" என்றார் தாஜுன்னிசா. கார் இறங்கிப் போனது.

நான் மறுபடி மேலே போனேன். கேரியரைக் கீழே வைத்துவிட்டுத் தொங்கிய நூல்களை இழுத்துக் கட்டினேன். சாய்ந்த குச்சிகளை நிமிர்த்தினேன். கட்ட ஆரம்பித்ததும் யாராவது இந்த நூலையெல்லாம் கழற்ற வேண்டும். நான்தான் கழற்ற வேண்டும். அனுமதிக் கடிதத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். இப்போதைக்கு இருக்கட்டும் என்று கட்டினேன்.

கேரியரை எடுத்துக்கொண்டு கடைசி அறைக்கு வந்தேன். படத்தில் இரண்டு எண்களை மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. அங்கேயே நின்றேன். நின்றால் அந்த ஜன்னல் இல்லை. சுவர் வரவேண்டிய இடம்தான் இருக்கிறது. கையில் கேரியர் கனத்தது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சாயங்காலம். புதுச்சேரிக்குக் கொண்டு போகச் சொல்லியிருந்தார்கள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டிருந்தேன். ஒரு கையில் ரத்தப் பரிசோதனைத் தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். காலையிலிருந்து அங்கேதான் நின்றேன். பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் ஒன்றும் இல்லை. மதி கண்ணைத் திறந்தாள். கூரையைப் பார்த்தாள். ஸ்டூலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் சொன்னதற்கு, பரவால்ல என்றேன். போன் அடித்தது. பேச வெளியே போனேன். திரும்பி வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் அவள் பேசவில்லை.

அவள் சொன்னது இதுதான்.

"உக்காரேன் குமாரு. எவ்ளோ நேரந்தான் நின்னுகினே இருப்ப."